முதலில் யார்? அணுசக்திப் பேச்சுவார்த்தையில் முன்நிபந்தனை என்றால் என்ன?

2021 ஏப்ரல், வியன்னா. கிராண்ட் ஹோட்டலில் ஈரான் குழு உட்கார்ந்திருக்கிறது. கூடவே பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, சீனா. தெருவின் எதிர்ப்பக்கத்து ஹோட்டலில் அமெரிக்கக் குழு. நடுவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரி என்ரிகே மோரா. இங்கே சொன்னதை அங்கே கொண்டுபோய்ச் சொல்வார். அங்கே சொன்னதை இங்கே கொண்டுவந்து சொல்வார். பிணங்கிக்கொண்ட இரண்டு சம்பந்திகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட தரகர் மாதிரி. அணுகுண்டு சம்பந்தப்பட்ட விவகாரம். ஆனாலும் முக்கியமான இரண்டு தரப்பும் ஒரே அறையில் உட்காராது.

ஏன்? ஈரான் தன் அணுத் திட்டத்தை வரம்புக்குள் வைக்க, பதிலுக்கு அதன்மீதுள்ள தடைகள் விலக என்று 2015இல் போட்ட ஒப்பந்தத்தை விட்டு 2018இல் அமெரிக்கா வெளியேறிவிட்டது. வெளியே போனவர் மறுபடி உள்ளே வந்து உட்கார வேண்டுமானால், போட்ட பொருளாதாரத் தடைகளை முதலில் எடுக்கட்டும் என்றது ஈரான். வரம்பை மீறி யுரேனியத்தைச் செறிவூட்டுவதை முதலில் நீ நிறுத்து என்றது அமெரிக்கா. இரண்டு பேச்சிலும் வருகிற அந்த 'முதலில்' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ராஜதந்திர மொழியில் அதற்கு முன்நிபந்தனை என்று பெயர்.

நிபந்தனை வேறு, முன்நிபந்தனை வேறு

எந்த ஒப்பந்தத்திலும் நிபந்தனைகள் இருக்கும். நான் இதைச் செய்கிறேன், பதிலுக்கு நீ அதைச் செய் என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்பவை அவை. முன்நிபந்தனை, உட்காருவதற்கே கேட்கிற நுழைவுக் கட்டணம். கட்டினால்தான் கதவு திறக்கும்.

ஊரில் நடக்கிற ஒரு வரப்புத் தகராறை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி இருவர். தம்பி தகராறு உள்ள இடத்தில் வேலிக்கல் நட்டுக்கொண்டிருக்கிறார். பெரியவர்கள் சமாதானம் பேசக் கூப்பிடுகிறார்கள். "அவன் முதல்ல கல்லைப் பிடுங்கட்டும், அப்புறம் வந்து உட்கார்றேன்" என்கிறார் அண்ணன். "கல்லு நடலாமா கூடாதான்னு பேசத்தானே கூப்பிடுறீங்க? இப்பவே பிடுங்கிட்டா அப்புறம் பேசறதுக்கு என்ன இருக்கு?" என்கிறார் தம்பி.

தம்பி சொல்வது நியாயம். பேச்சின் முடிவில் கிடைக்க வேண்டியதைப் பேச்சின் தொடக்கத்திலேயே கேட்கிறார் அண்ணன். ஆனால் அண்ணன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பேச்சு ஆறு மாதம் இழுத்தால், அதற்குள் வேலி முழுக்க எழும்பி நிற்கும். அப்புறம் பேசி என்ன பிரயோஜனம்?

சிவில் வழக்கு பார்த்தவர்களுக்கு இதற்கு மருந்து தெரியும்: ஸ்டே. வழக்கு முடிகிறவரை கல்லைப் பிடுங்கவும் வேண்டாம், புதிதாக நடவும் வேண்டாம், இருப்பது இருக்கிறபடி இருக்கட்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிடும். நாடுகளுக்கு நடுவே அப்படி ஸ்டே கொடுக்கிற, கொடுத்தால் இரண்டு தரப்பும் மதித்து நடக்கிற நீதிமன்றம் கிடையாது. ஐ.நா. பாதுகாப்பு சபை உத்தரவு போடலாம். யார்மீது போடுகிறார்களோ அவர்கள் அதைத் தங்கள் எதிரிகள் எழுதிய தீர்ப்பாகத்தான் பார்ப்பார்கள். அதனால் ஸ்டே கேட்கிற வேலையையும் எதிர்த் தரப்பே செய்கிறது. அதைத்தான் முன்நிபந்தனை என்று வைக்கிறார்கள்.

'கல்லைப் பிடுங்கு' என்பதற்கும் 'புதிய கல் நடாதே' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது.

யுரேனியத்தைப் புடைக்கிற கணக்கு

வரப்பை விட்டு யுரேனியத்துக்கு வந்தால் அண்ணனின் பயம் பல மடங்காகிறது. காரணத்தைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும்.

மண்ணிலிருந்து எடுக்கிற யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களுக்கு ஏழுதான் வேண்டிய யுரேனியம்-235. மற்றவை ஏறக்குறைய எல்லாமே அதைவிடச் சற்றுக் கனமான யுரேனியம்-238. அரிசியை முறத்தில் புடைக்கிற மாதிரி இரண்டையும் பிரிக்க வேண்டும். இங்கே முறத்தின் வேலையைச் செய்வது மையவிலக்குக் கருவி. யுரேனியச் சேர்மம் ஒன்றை வாயுவாக்கி உருளைக்குள் அசுர வேகத்தில் சுழற்றினால் கனமானது ஓரத்துக்கு ஒதுங்கும். ஒரு கருவியில் கிடைக்கிற வித்தியாசம் துளியூண்டுதான். அதனால் நூற்றுக்கணக்கான கருவிகளைத் தொடராக இணைத்து ஓட்டுகிறார்கள். இந்த வேலைக்குத்தான் செறிவூட்டல் என்று பெயர்.

ஆயிரத்தில் 825ஐத் தள்ளிவிட்டால் மிச்சம் 175. அதில் நம்முடைய ஏழு, அதாவது 4 சதவீதம். மின் உலைக்கு இது போதும். இன்னொரு 140ஐத் தள்ளினால் 35இல் ஏழு, 20 சதவீதம். அதற்குமேல் வெறும் 27ஐத் தள்ளினால் எட்டில் ஏழு. கிட்டத்தட்ட 90 சதவீதம், குண்டுக்கான தரம். நிஜத்தில் இவ்வளவு சுத்தமாகப் பிரியாது. போக்கு என்னவோ இதுதான். மின்சாரத்துக்கு என்று சொல்லிச் செய்கிற வேலையிலேயே குண்டுக்கான உழைப்பில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. மிச்சம் கடைசிப் புடைப்பு மட்டும்.

இங்கேதான் சட்டச் சிக்கல் வருகிறது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் 4ஆவது பிரிவு, அமைதிக்கான அணுசக்தியைப் பயன்படுத்துவது எல்லா உறுப்பு நாடுகளின் பறிக்க முடியாத உரிமை என்கிறது. செறிவூட்டல் என்ற சொல் அந்தப் பிரிவில் எங்குமே இல்லை. 'உரிமை என்றால் செறிவூட்டலும் அதில் அடக்கம்' என்று ஈரான் படிக்கிறது. 'அப்படி எங்கே எழுதியிருக்கிறது?' என்று அமெரிக்கா கேட்கிறது. செறிவூட்டலை நிறுத்திவிட்டுப் பேச வா என்பது அமெரிக்காவின் காதுக்கு ஸ்டே. ஈரானின் காதுக்கு, நிலமே உன்னுடையது இல்லை என்று எழுதிக் கொடு என்பது மாதிரி.

இரண்டு பக்கமும் பட்ட சூடு

ஈரான் ஒருமுறை நிறுத்தியும் பார்த்தது. இது பலருக்கு மறந்துபோன கதை, ஆனால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இதில்தான் இருக்கிறது.

2002இல் நதான்ஸ், அராக் என்ற இரண்டு இடங்களில் ஈரான் கட்டிக்கொண்டிருந்த அணுசக்தி நிலையங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. அடுத்த ஆண்டு அக்டோபர் 21 அன்று பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றின் வெளியுறவு அமைச்சர்களும் தெஹ்ரானுக்கே போய்ப் பேசினார்கள். செறிவூட்டலைத் தற்காலிகமாக நிறுத்த ஈரான் ஒப்புக்கொண்டது. 2004 நவம்பரில் பாரிஸில் அதையே இன்னும் விரிவாக எழுதினார்கள். அந்த ஆவணத்தில் ஈரான் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட சொற்கள் இரண்டு: இந்த நிறுத்தம் தானாக முன்வந்து செய்வது, சட்டக் கட்டாயம் இல்லை. அதாவது கல் நடுவதை நிறுத்துகிறேன், ஆனால் நட எனக்கு உரிமை இல்லை என்று எந்தக் காகிதத்திலும் எழுத மாட்டேன்.

அப்புறம் என்ன ஆயிற்று? 2005 ஆகஸ்டில் ஐரோப்பியர்கள் தங்கள் திட்டத்தைக் கொடுத்தார்கள். செறிவூட்டலை நிரந்தரமாகக் கைவிட வேண்டும் என்பதே அதன் சாரம். தற்காலிகம் என்று சொல்லி நிறுத்தச் சொன்னவர்கள் அதையே நிரந்தரமாக்கப் பார்க்கிறார்கள் என்று ஈரான் எடுத்துக்கொண்டது. நிராகரித்து, செறிவூட்டலுக்கு யுரேனியத்தை வாயுவாக்கித் தருகிற இஸ்ஃபஹான் ஆலையை மறுபடி ஓட்டியது. 2006 ஜனவரியில் நதான்ஸிலும் வேலை தொடங்கியது. 'முன்நிபந்தனையை ஏற்று இரண்டு வருஷம் கைகட்டி இருந்தோம், கிடைத்தது பூஜ்யம்' என்ற பாடம் தெஹ்ரானில் பதிந்துபோனது.

மேற்கு நாடுகளுக்குக் கிடைத்த பாடம் இதற்கு நேர் எதிர். அப்போது ஈரான் தரப்புக்குத் தலைமை தாங்கிப் பேசியவர் ஹசன் ரூஹானி, பிற்காலத்து அதிபர். ஐரோப்பியர்களோடு பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே இஸ்ஃபஹான் ஆலையின் சில பகுதிகளில் கருவிகளைப் பொருத்திக்கொண்டிருந்தோம் என்று அவரே ஓர் உரையில் சொன்னார்; அது பின்னர் அச்சிலும் வந்தது. உள்ளூரில் தன்னை விமர்சித்தவர்களுக்குப் பதிலாக, 'பேசியதால் ஒன்றும் இழக்கவில்லை' என்று காட்டச் சொன்னது அது. வாஷிங்டனில் அதைப் படித்தவர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்? அண்ணன் பயந்தது சரி, தம்பி பயந்ததும் சரி.

இந்தச் சூட்டோடுதான் 2006 மே 31 வருகிறது. அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கான்டலீசா ரைஸ் ஓர் அறிவிப்புச் செய்தார். செறிவூட்டலை முழுமையாக, சரிபார்க்கக்கூடிய வகையில் ஈரான் நிறுத்தினால் அமெரிக்காவும் பேச்சு மேஜைக்கு வரும். அமெரிக்காவுக்கும் ஈரானுக்கும் 1980இலிருந்து தூதரக உறவே கிடையாது. அந்த நிலையில் இது பெரிய மாற்றம். ஆனால் உள்ளே ஒரு கணக்கு இருந்தது. தான் வந்து உட்காருவதையே அமெரிக்கா ஒரு பரிசாக நினைத்தது; பரிசுக்கு விலை செறிவூட்டல் நிறுத்தம். அந்த விலைக்கு அது பெறுமா என்ற கேள்விக்கு ஈரானின் பதில் ஆகஸ்டில் வந்தது: தீவிரமாகப் பேசத் தயார், நிறுத்தம் முடியாது.

அதற்கு முன்பே, ஜூலை 31 அன்று, பாதுகாப்பு சபை 1696ஆம் தீர்மானத்தில் நிறுத்தத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. டிசம்பரில் தடைகள் வந்தன. அப்புறம் மேலும் தடைகள். 2006 ஏப்ரலில் ஈரான் முதன்முதலாகச் செறிவூட்டியதாக அறிவித்தபோது அந்தத் தொடரில் இருந்த மையவிலக்குக் கருவிகள் 164. 2013இல் ஈரான் நிறுவியிருந்தவை சுமார் 19,000. இந்த வளர்ச்சிக்கு முன்நிபந்தனை மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நிறுத்தினால்தான் பேச்சு என்று நின்ற வருஷங்களில் நிறுத்தமும் நடக்கவில்லை, உருப்படியான பேச்சும் நடக்கவில்லை, கருவிகள் மட்டும் பெருகின. ஸ்டே கிடைக்கிறவரை வழக்கே போட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்த கதை.

சின்ன நாடும் கதவைச் சாத்தும்

வல்லரசுதான் முன்நிபந்தனை வைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அதே காலத்தில் இன்னொரு மூலையில் வட கொரியா வைத்தது ஒன்று. எனக்கு இந்த விவகாரங்களிலேயே மிகவும் பிடித்த கதை இது.

2005 செப்டம்பர் 19 அன்று பெய்ஜிங்கில் ஆறு நாடுகள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டன. வட கொரியா அணு ஆயுதத்தைக் கைவிடும், மற்றவர்கள் உதவி செய்வார்கள், எல்லாம் வாக்குறுதிக்கு வாக்குறுதி, செயலுக்குச் செயல் என்று ஏற்பாடு. அதற்குச் சில நாள் முன்புதான் அமெரிக்க நிதித்துறை, சீனாவின் மக்காவ் நகரில் உள்ள பான்கோ டெல்டா ஏஷியா என்ற சின்ன வங்கியைக் கறுப்புப் பணம் வெளுக்கிற இடம் என்று அறிவித்திருந்தது. அங்கே வட கொரியாவுக்குச் சேர்ந்த கிட்டத்தட்ட 2.5 கோடி டாலர் முடங்கியது.

ஒரு நாட்டுக்கு அது பெரிய தொகையே இல்லை. ஆனால் அந்தப் பணம் வராமல் பேச வர மாட்டோம் என்று வட கொரியா நின்றது. 2006 அக்டோபர் 9 அன்று முதல் அணு வெடிப்புச் சோதனையையும் நடத்தியது. 2007 பிப்ரவரியில் யோங்பியோன் உலையை மூட ஒப்புக்கொண்ட பிறகும் 'பணம் கைக்கு வரட்டும், அப்புறம் மூடுகிறோம்' என்றது. சரி, கொடுத்துவிடலாம் என்று அமெரிக்கா முடிவெடுத்தால், கறை பட்ட அந்தப் பணத்தைத் தொட எந்த வங்கியும் தயாராக இல்லை! கடைசியில் அமெரிக்க மத்திய வங்கியின் நியூயார்க் கிளையே வாங்கி, ரஷ்யா வழியாக அனுப்பிவைத்தது. ஜூனில் பணம் போய்ச் சேர்ந்தது, ஜூலையில் உலை மூடப்பட்டது.

வட கொரியாவுக்கு அங்கே பணத்தைவிட வேறொன்று பெரிதாகப் பட்டிருக்க வேண்டும். கையெழுத்துப் போடுகிற அதே வாரத்தில் பின்னால் குத்துகிறவரோடு எப்படிப் பேசுவது என்று காட்டுவதற்கு அந்தத் தொகை ஒரு சாக்கு. நம்மூர்க் கல்யாணத்தில் ஒரு தாம்பூலத் தட்டுக்காகச் சண்டை மூண்டால், சண்டை தட்டைப் பற்றியது இல்லை என்று எல்லோருக்கும் தெரியும் அல்லவா, அப்படி.

பலவீனமான தரப்பு ஏன் முன்நிபந்தனைகளுக்கு மிரள்கிறது என்பதற்கு லிபியாவையும் சொல்ல வேண்டும். 2003 டிசம்பரில் கடாஃபி தன் அணுத் திட்டத்தை மொத்தமாக ஒப்படைத்தார். 2011இல் நேட்டோ விமானத் தாக்குதல்களோடு நடந்த உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டார். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டா இல்லையா என்று அறிஞர்கள் வாதாடலாம். 2018இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் போல்டன் 'லிபியா வழி' என்று வாய் திறந்ததும் வட கொரியா கொதித்துப்போனதற்கு அந்த வாதம் எதுவும் தேவைப்படவில்லை.

முடிச்சு எப்படி அவிழ்ந்தது

அமெரிக்க உள்ளூர் அரசியலில் இது எவ்வளவு சூடான விஷயம் என்பதற்கு 2007 ஜூலையில் நடந்த ஒரு தேர்தல் விவாதம் சாட்சி. ஈரான், வட கொரியா போன்ற நாடுகளின் தலைவர்களை முன்நிபந்தனை இல்லாமல் சந்திப்பீர்களா என்று ஒபாமாவைக் கேட்டார்கள். சந்திப்பேன் என்றார். மறுநாளே ஹிலாரி கிளின்டன் அதைப் பொறுப்பற்ற, விவரம் தெரியாத பதில் என்று சாடினார். எதிரியோடு உட்காருவதே தோல்வி என்று வாக்காளர்கள் நினைக்கிற நாட்டில், முன்நிபந்தனை தலைவர்களுக்கு ஒரு கவசம். 'நாங்கள் பேசத் தயார், அவர்கள்தான் வரவில்லை' என்று சொல்லிக்கொள்ளலாம். தெஹ்ரானிலும் இதே கதைதான்.

ஆனாலும் கவசம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. 2008 ஜூலையில், புஷ் ஆட்சியிலேயே, அமெரிக்க வெளியுறவுத் துறையின் மூத்த அதிகாரி வில்லியம் பர்ன்ஸ் ஜெனீவாவில் ஈரானின் தலைமைப் பேச்சாளர் சயீத் ஜலீலி இருந்த கூட்டத்தில் போய் உட்கார்ந்தார். 'இந்த ஒரு தடவை மட்டும்தான்' என்று விளக்கம் சொன்னார்கள். ஒபாமா வந்த பிறகு, நிறுத்தினால்தான் உட்காருவோம் என்பது சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. அப்படியும் சில வருஷம் முன்னேற்றம் இல்லை. தடைகள்தான் இன்னும் இறுகின.

திறப்பு ஓமனில் கிடைத்தது. சுல்தான் காபூஸின் ஏற்பாட்டில் 2012இலும் 2013இலும் மஸ்கட்டில் அமெரிக்க, ஈரானிய அதிகாரிகள் ரகசியமாகச் சந்தித்தார்கள். ரகசியம் என்பதற்குள்ள மதிப்பு இதில் புரியும். யாருக்கும் தெரியாத பேச்சில் யாருக்கும் முகம் காட்டத் தேவையில்லை, ஆகவே நுழைவுக் கட்டணமும் தேவையில்லை. அங்கே அமெரிக்கர்கள் கொடுத்த ஒரு குறிப்புதான் எல்லாவற்றையும் நகர்த்தியது: கடும் கட்டுப்பாடும் சோதனையும் இருந்தால், ஈரான் மண்ணில் குறைந்த அளவு செறிவூட்டலைப் பற்றி யோசிக்கலாம்.

2013 நவம்பர் 24 அன்று ஜெனீவாவில் இடைக்கால ஏற்பாடு கையெழுத்தானது. நான் முதலில் சொன்ன வேலிக்கல் வித்தியாசம் இங்கேதான் பயன்பட்டது. ஈரான் கல்லைப் பிடுங்கவில்லை. புதிய கல் நடுவதை நிறுத்தியது. 5 சதவீதத்துக்கு மேல் செறிவூட்டுவதில்லை, புதிய கருவிகளைப் பொருத்துவதில்லை, கையிலிருக்கும் 20 சதவீதச் சரக்கின் செறிவைக் குறைப்பது அல்லது அதை வேறு வடிவுக்கு மாற்றுவது. பதிலுக்கு முடங்கிக் கிடந்த ஈரானின் எண்ணெய்ப் பணத்தில் 420 கோடி டாலர், அதுவும் தவணையாக. 2014 பிப்ரவரி 1 அன்று வந்த முதல் தவணை 55 கோடி. நீ ஒரு படி, நான் ஒரு படி. முன்பு கதவுக்கு வெளியே கேட்கப்பட்ட ஸ்டே, கதவுக்கு உள்ளே, பணம் கொடுத்து வாங்கப்பட்டது.

உரிமைச் சண்டையை என்ன செய்தார்கள்? பேசித் தீர்க்கவில்லை. 'இரு தரப்பும் சேர்ந்து வரையறுக்கும் செறிவூட்டல் திட்டம்' என்று ஒரு சொற்றொடரைப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். அன்றைக்கே, ஈரானுக்கு உரிமை உண்டென்று இந்த ஆவணம் சொல்லவில்லை என்றார் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி. எங்கள் உரிமையை ஏற்றுக்கொண்டார்கள் என்றார் ரூஹானி. இதைப் பித்தலாட்டம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பேரும் அவரவர் வீட்டில் போய்ப் படித்துக்காட்டக்கூடிய ஒரு வாக்கியத்தை எழுதுவது லேசுப்பட்ட கலை இல்லை.

அந்த இடைக்கால ஏற்பாடுதான் 2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் முழு ஒப்பந்தமாயிற்று. செறிவு 3.67 சதவீதத்துக்குள், இருப்பு 300 கிலோவுக்குள். அதிலும் 'யார் முதலில்' என்ற கேள்வி வந்தது. அதற்குச் செய்த ஏற்பாடு அழகானது. அக்டோபரிலேயே தடை விலக்கு உத்தரவுகளை அமெரிக்கா தயார் செய்து கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டது, ஆனால் அவை உயிர்பெறவில்லை. ஈரான் கருவிகளைக் கழற்றியது, சுமார் 11,000 கிலோ யுரேனியத்தை ரஷ்யாவுக்குக் கப்பலேற்றியது, அராக் உலையின் மையப் பகுதியில் கான்கிரீட் ஊற்றியது. 2016 ஜனவரி 16 அன்று சர்வதேச அணுசக்தி முகமை 'செய்தாயிற்று' என்று சான்றளித்தது. அதே நாளில் உத்தரவுகள் உயிர்பெற்றுத் தடைகள் விலகின. வீடு வாங்கும்போது பத்திரத்தையும் வங்கி டிராஃப்டையும் சார்பதிவாளர் அலுவலக மேஜையில் ஒரே நேரத்தில் கைமாற்றுகிற மாதிரி.

'முன்நிபந்தனை இல்லாமல்' என்று சொன்னால்

செய்தியில் இந்தச் சொற்களைப் பார்த்தால் உடனே நம்பிவிட வேண்டாம். 2018 மே மாதம் டிரம்ப் ஒப்பந்தத்திலிருந்து விலகினார். இரண்டு வாரத்துக்குள் வெளியுறவு அமைச்சர் மைக் பாம்பியோ, ஈரான் செய்ய வேண்டியவை என்று 12 கோரிக்கைகளை வாசித்தார். செறிவூட்டலை அடியோடு நிறுத்துவதிலிருந்து சிரியாவை விட்டு வெளியேறுவது வரை எல்லாம் அதில் இருந்தது. ஜூலை 30 அன்று டிரம்ப், ஈரான் தலைவர்களை முன்நிபந்தனை இல்லாமல் சந்திக்கத் தயார் என்றார். சில மணி நேரத்தில் பாம்பியோ தொலைக்காட்சியில் வந்து நிபந்தனைகளை அடுக்கினார். 2019 ஜூனில் பாம்பியோவே முன்நிபந்தனை இல்லாமல் பேசலாம் என்றார். செப்டம்பரில் டிரம்ப், நான் நிபந்தனை இல்லாமல் சந்திப்பேன் என்று வரும் செய்தி தவறு என்று ட்வீட் போட்டார். தலை சுற்றினால் உங்கள் தப்பு இல்லை.

இங்கே சூட்சுமம் ஒன்று இருக்கிறது. தன் கையில் ஏற்கெனவே தடை என்ற பெரிய ஆயுதம் ஓடிக்கொண்டிருக்கும்போது 'முன்நிபந்தனை இல்லை' என்று சொல்வது சுலபம். அதன் பொருள், நான் எதையும் நிறுத்தாமல் பேசலாம் என்பதும்தான். இதைக் கேட்ட ஈரான், தடையை எடுத்தால் பேசலாம் என்றது. வெளியே பார்ப்பவருக்கு முன்நிபந்தனை வைத்தது ஈரான் என்று தோன்றும். இந்த மாதிரிச் செய்தியைப் படிக்கும்போது யார் நிபந்தனை வைத்தார் என்பதோடு, பேச்சு நடக்கிறபோது யாருடைய அழுத்தம் நிற்காமல் தொடர்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுசாகத் தெரியும். ஈரானும் சும்மா இருக்கவில்லை. 2021 ஏப்ரலில், வியன்னாப் பேச்சு நடந்துகொண்டிருந்த அதே மாதத்தில், 60 சதவீதச் செறிவூட்டலைத் தொடங்கியது.

2025இல் மறுபடி மஸ்கட். ஏப்ரல் 12 அன்று டிரம்ப்பின் தூதர் ஸ்டீவ் விட்காஃபும் ஈரான் வெளியுறவு அமைச்சர் அப்பாஸ் அராக்சியும் தனித்தனி அறைகளில் இருக்க, ஓமன் வெளியுறவு அமைச்சர் செய்தி கொண்டுபோனார். கிளம்பும்போது இருவரும் சில நிமிடம் நேரில் பேசிக்கொண்டார்கள். இரண்டே நாளில் விட்காஃப் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், 3.67 சதவீதத்துக்கு மேல் ஈரானுக்குத் தேவையில்லை என்ற பொருளில் பேசினார். அதாவது அதுவரை பரவாயில்லை. மறுநாளே, செறிவூட்டலை நிறுத்தி ஒழிக்க வேண்டும் என்று அவரே அறிக்கை விட்டார். 2005இல் கேட்ட அதே கோரிக்கைக்கு இருபது வருஷம் கழித்து வட்டமடித்து வந்தாயிற்று. மஸ்கட்டிலும் ரோமிலுமாக ஐந்து சுற்று நடந்தது. ஆறாவது சுற்று ஜூன் 15 என்று குறித்திருந்தார்கள்.

ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. 22ஆம் தேதி அமெரிக்கா ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் என்ற மூன்று அணுசக்தி நிலையங்களையும் தாக்கியது. அணுசக்தி முகமையின் கணக்குப்படி அந்த நேரத்தில் ஈரானிடம் 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் சுமார் 440 கிலோ இருந்தது.

அந்த மாதக் கடைசியில் ஈரானின் துணை வெளியுறவு அமைச்சர் மஜித் தக்த் ரவாஞ்சி ஒரு பேட்டி கொடுத்தார். அமெரிக்கா மறுபடி பேச விரும்பினால், பேச்சு நடக்கும்போது இனித் தாக்க மாட்டோம் என்று முதலில் சொல்லட்டும் என்றார்.